ஆன்டிவைரஸால் வரும் நீலத்திரை: புதிதாக வேலைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகள்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு, நீலத்திரை (விண்டோஸ் திடீரென்று நின்றுபோய்க் காட்டும் நீல நிறப் பிழைத் திரை) என்றதும் கை நேராக ரேமுக்குத்தான் போகிறது. கழற்றி, ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டுவார்கள். எங்கள் காலத்திலும் இதே கதைதான். காரணம் ஆன்டிவைரஸாகவும் இருக்கலாம் என்று தோன்றுவதில்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போடக் கூடாது, கிராக் செய்த செட்டப் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘ஆஃப் பண்ணிப் பார்த்துட்டேன் சார்’

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் வாக்கியம் இது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டிவைரஸ் ஐகானை வலது கிளிக் செய்து பாதுகாப்பை நிறுத்துகிறார்கள். அப்புறமும் கம்ப்யூட்டர் விழுந்தால், ஆன்டிவைரஸ் காரணமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நின்றது ஸ்கேன் மட்டும்தான். ஒவ்வொரு கோப்பும் திறக்கும்போது குறுக்கிட்டுப் பார்க்கும் அதன் டிரைவர் பெரும்பாலும் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் அப்படியே இருக்கும். சாதாரண புரோகிராம் தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் இருப்பது தடுமாறினால் மொத்த விண்டோஸும் நின்றுவிடும்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இந்த வாக்கியத்தை நம்பி ரேமை மாற்றினார்கள், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றினார்கள், கடைசியில் ஃபார்மட்டும் அடித்தார்கள். டி டிரைவில் இருந்த டேலி டேட்டா தப்பியது. டெஸ்க்டாப்பில் கிடந்த எக்செல் கோப்புகள் போயின, அதுவும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில். ஃபார்மட் முடிந்ததும் அந்தப் பையன் முதல் வேலையாக, பென்டிரைவில் வைத்திருந்த அதே பழைய ஆன்டிவைரஸ் செட்டப்பைப் போட்டான். சாயங்காலமே நீலத்திரை வந்துவிட்டது.

சந்தேகம் என்றால் முழுதாக நீக்குங்கள். அன்இன்ஸ்டால் செய்தாலும் டிரைவர் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. அதனால்தான் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் தனியாக ரிமூவல் டூல் தருகின்றன, சிலது சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறையில்) ஓட்ட வேண்டியது. பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஃப், எல், டி, எம், சி என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். கோப்புகளைக் கண்காணிக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும். டபிள்யூடிஃபில்டர் என்பது விண்டோஸ் டிஃபெண்டருடையது, அது இருக்கலாம். நீக்கிய ஆன்டிவைரஸின் பெயர் இன்னும் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் பாதுகாப்பில்லாமல் கிடக்குமே என்று பயப்பட வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் இல்லை என்றால் வழக்கமாக டிஃபெண்டர் தானாகவே விழித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டம்ப் கோப்பைப் பாதி மட்டும் படிப்பது

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டர் இருக்கிறது; நீலத்திரை வரும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் டம்ப் கோப்புகள் அதில் இருக்கும். அந்தக் கோப்பை புளூஸ்கிரீன்வியூ என்ற டூலில் திறந்ததும் என்டிஓஎஸ்கெர்னல் என்று பார்த்துவிட்டு, விண்டோஸ் கெட்டுவிட்டது என்று திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள். அது கெர்னலேதான். பல சமயம் தவறு செய்தது வேறு டிரைவர், விழுந்த இடம்தான் கெர்னல். மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி டூலில் போட்டு, ஸ்டாக்கில் (விழுந்த நேரத்தில் ஒன்றையொன்று அழைத்த நிரல்களின் வரிசையில்) வேறு எந்த டிரைவரின் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்திவிடுவது

2018 ஜனவரியில், பிராசஸரில் இருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான பேட்ச் வந்தபோது, கெர்னல் நினைவகத்தை அனுமதியில்லாத வழியில் தொட்டுக்கொண்டிருந்த சில ஆன்டிவைரஸ்கள் நீலத்திரையைக் கொண்டுவந்தன. தன் மென்பொருள் ஒத்துப்போகும் என்று ஆன்டிவைரஸ், விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு வைத்தால்தான் அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. அன்று புதுப்பிக்க வேண்டியிருந்தது ஆன்டிவைரஸை. அப்டேட்டை மூடி வைத்தவர்கள் ஓட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பிட்லாக்கர் கீ இல்லாமல் சேஃப் மோடு

வேண்டாம். பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி; சேஃப் மோடுக்குப் போகும்போது அதன் ரிகவரி கீயைக் கேட்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்தால் போதும் என்றிருந்தும், ரிகவரி கீ கையில் இல்லாத இடங்களில் வேலை இழுத்தது.

மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்வது

மெமரி இன்டெக்ரிட்டி என்பது கெர்னலுக்குள் நம்பத்தகாத கோடு நுழையாமல் காக்கும் விண்டோஸ் வசதி. டிரைவர் ஒத்துப்போகவில்லை என்று அதை அணைப்பது யூடியூப் வைத்தியம். டிரைவரை மாற்றுங்கள்.