பழைய நிலைக்கட்டையில் ஒரு மொபைல் ஸ்டாண்ட்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடித்தால் தேக்குக் கதவுக்குத்தான் போட்டி. வேம்பு, பூவரசு நிலைகளும் ஜன்னல் சட்டங்களும் விறகோடு விறகாகப் போய்விடும். நமக்கு வேண்டியது அந்த விறகுதான். வருஷக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே காய்ந்த மரம், இனி அவ்வளவு எளிதில் வளையாது, வெடிக்காது.

கட்டை தேடுதல்

இடிக்கிற இடத்தில் மேஸ்திரியிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் பழைய மரக்கடை. சாலையோரம் சாய்ந்து கிடக்கும் புளியமரம் கேட்பாரற்றதுபோலத் தெரியும், ஆனால் அது அரசுச் சொத்து, ஏலத்தில்தான் போகும். அழகர்மலைக் காப்புக்காட்டில் காய்ந்த கட்டையைக்கூடத் தொட வேண்டாம்.

வாங்குமுன் வெட்டுமுனையைப் பாருங்கள். நடுவில் அடர்ந்த நிறத்தில் இருப்பது வைரம், ஓரத்தில் வெளுப்பாக இருப்பது வெள்ளை. பூவரசில் வைரம் சாக்லேட் நிறத்தில் பளிச்சென்று தெரியும். பூச்சி முதலில் வெள்ளையைத்தான் தின்னும். கட்டையைத் தட்டினால் துளையிலிருந்து மாவு கொட்டுகிறதா? உள்ளே புழு இருக்கலாம். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பெயின்ட் அடித்ததா, கரையான் மருந்து பட்டதா என்றும் விசாரியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைத் தேய்த்தால் தூசி நெஞ்சுக்குள் போகும். ஆரம்பத்தில் பெயின்ட் படாத கட்டையாகவே எடுங்கள். அந்தக் கட்டையிலும் கரண்டி, தட்டு செய்யாதீர்கள், என்னென்ன மருந்து குடித்த நிலைக்கட்டை என்று யாருக்குத் தெரியும்? சமையலறைக்கு என்றால் தோட்டத்தில் கழித்த பூவரசுக் கிளை நல்லது. முனைகளில் மெழுகு பூசி நிழலில் காயப்போடுங்கள். சித்திரை வெயிலில் வைத்தால் வாய் பிளந்துவிடும். 1 அங்குல கனம் காய ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது தச்சர் கணக்கு.

வேலை

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டைமேல் ஓட்டி, ஒளிந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்குங்கள். ஒரே ஓர் ஆணி போதும், இழைப்புளியின் வாய் போய்விடும்.

ரேகை (மரத்தின் நார்) ஓடும் வாக்கில் 4 அங்குலம், அகலம் 3, கனம் 1½ என்று அறுத்துக்கொண்டு இழையுங்கள். மரம் பிய்த்துக்கொண்டு வந்தால் கட்டையைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கமிருந்து தள்ளுங்கள்.

இனி காடி, அதாவது போன் நிற்கும் பள்ளம். உறையோடு போனின் கனத்தை அளந்து, காடியின் அகலத்தை அதைவிட 1 மி.மீ. கூட வையுங்கள், பெரும்பாலும் 12 மி.மீ. வரும். ஆழம் 15 மி.மீ. காடி ரேகைக்குக் குறுக்கே, முன்விளிம்பிலிருந்து 1 அங்குலம் தள்ளி, சற்றுப் பின்பக்கம் சாய்ந்தபடி இருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் ரம்பம் போட்டு, நடுவிலும் இரண்டு வெட்டு போடுங்கள். அப்புறம் உளியால் தட்டினால் சில்லு சில்லாகக் கழன்று வரும். இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தட்டுங்கள். ஒரே பக்கமாக அடித்தால் மறுமுனை பிய்யும்.

பிறகு 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் இதே வரிசையில் தேயுங்கள். வேப்பந்தூள் மூக்கை அரிக்கும், முகக்கவசம் போடுங்கள்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காயாமல் பிசுபிசுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.