ஃபங்க், ரெகே பேஸ்: முதல் அடியை வாசிப்பதும் விடுவதும்

பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்ததும் பலருக்கு ஸ்லாப் மேல்தான் ஆசை. கட்டைவிரலால் கம்பியை அடித்து, சுட்டுவிரலால் சுண்டி இழுக்கும் அந்த வாசிப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் தருவது ஒரே வேலை: நான்கு அடியில் 'ஒன்று' எங்கே விழுகிறது என்பது உடம்பில் ஏற வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசையான ஃபங்க்கில் அதை அழுத்தி வாசிக்கிறோம், ஜமைக்காவின் ரெகேயில் பல நேரம் அதையே விட்டுவிடுகிறோம்.

ஃபங்க்கில் இருந்து ஆரம்பிக்கலாம். ஃபங்க்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் விடாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான். 1970இல் அவரிடம் சேர்ந்த பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் பிறகு தன் இசை முழுவதையும் அதன் மேலேயே கட்டினார். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் 'தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஈ கம்பியில் (இருப்பதிலேயே தடித்தது) ஐந்தாம் ஃபிரெட், அதாவது கழுத்தில் உள்ள ஐந்தாம் கட்டம், ஏ சுரம், ஒன்றில் திடமாக விழட்டும். டி கம்பியின் ஏழாம் ஃபிரெட்டில் அதே ஏ மேல்ஸ்தாயியில் இருக்கிறது, ஐந்தாம் ஃபிரெட்டில் ஜி. இந்த மூன்று சுரமே போதும். இடைவெளிகளில் இடது விரல்களைக் கம்பியில் அழுத்தாமல் சும்மா வைத்து, வலது விரலால் மீட்டுங்கள். சுரமில்லாமல் 'டக்' என்று கேட்கும். கோஸ்ட் நோட் என்பது இதுதான். பாட்டை நகர்த்துவது பெரும்பாலும் இந்த டக்குகள்தான் என்பேன்.

ரெகேக்கு வந்தால் முதலில் சத்தத்தை மாற்றுங்கள். டோன் குமிழை நன்றாகக் குறைத்து, வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் பொருந்தும் இடம்) அருகே கம்பிகள் மேல் லேசாகச் சாய்த்து, கட்டைவிரலின் சதையால் மீட்டுங்கள். மெட்ரோனோம் 75. ரெகேயின் அடிப்படைத் தாளங்களில் ஒன்றான ஒன் டிராப்பில், காலால் அடிக்கும் கிக் டிரம் மூன்றாம் அடியில் இறங்கும், கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும், ஒன்று காலியாக இருக்கும். பாப் மார்லியின் குழுவான வெய்லர்ஸில் கார்ல்டன் பாரெட் டிரம்ஸும் அண்ணன் ஆஸ்டன் பாரெட் பேஸும் வாசித்ததைக் கேளுங்கள். பாட்டின் மெட்டைப் போலவே பேஸ் வரியையும் வாயால் பாட முடியும்.

இதை முயலுங்கள்: ஒன்றில் மௌனம், இரண்டில் ஈ கம்பி ஐந்தாம் ஃபிரெட், மூன்றில் அதே கம்பியில் எட்டு, நான்கில் ஏ கம்பி ஏழு. அடுத்த ஒன்று வரும் கணத்தில் சத்தம் துண்டாக நிற்க வேண்டும். விரலைக் கம்பியை விட்டு எடுக்காதீர்கள், அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். மற்ற கம்பிகளின் அதிர்வை வலது உள்ளங்கை பார்த்துக்கொள்ளும். புதியவர்கள் தடுமாறுவது இந்த நிறுத்தத்தில்தான், அதனால் மற்ற எதையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

வாசித்ததை ஃபோனில் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது. ஒன்றில் முந்தைய சுரத்தின் வால் தொங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அது சுத்தமானதும், அப்புறம் ஸ்லாப்புக்கு வரலாம்.