புகைபோக்கி வைத்த அடுப்புக்கு விறகு தேர்ந்தெடுப்பது எப்படி?

புகைபோக்கி வைத்து அடுப்பு கட்டிய பிறகும் அடுப்படியில் புகை மண்டுகிறதா? கொத்தனாரைக் கூப்பிடும் முன் விறகைப் பாருங்கள். எந்த மரம் என்பது இரண்டாவது கேள்விதான். காய்ந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

முதல் படி: ஈரம் பாருங்கள்

அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கும். அது ஆவியாகி முடியும்வரை அடுப்பின் சூடு அதற்கே செலவாகும், உலை கொதிக்காது. சூடு குறைந்த புகை குழாயில் ஏறத் திணறும், உட்புறம் தாராகப் படியும். நாளடைவில் குழாய் அடைபடும். அந்தப் படிவே தீப்பற்றவும் கூடும். கூரை வீட்டில் அது எத்தனை பெரிய ஆபத்து!

விறகுக்கடையில் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் காய்ந்தது. மந்தமாகக் கேட்டால் ஈரம். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு தெரியும், பட்டை எளிதாகக் கழலும். எரியும்போது முனையில் நுரை தள்ளி இரைகிறதா? மீதிச் சுமையை வெயிலில் போடுங்கள்.

இரண்டாம் படி: மரம்

சவுக்கு, கருவேலம், புளி ஆகியவை நின்று எரியும், நல்ல தணல் தரும். சீமைக்கருவேலம் மலிவு, சூடும் அதிகம். ஆனால் பச்சையாகவே பற்றிக்கொள்ளும் என்பதால் பலர் அதைக் காயவைப்பதில்லை. எரிந்தாலும் ஈரம் ஈரம்தான், குழாயில் படியத்தான் செய்யும். முருங்கை, இலவம் போன்ற மென்மரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தென்னை மட்டையும் பாளையும் பற்றவைக்கப் போதும். வறட்டி மிகவும் புகையும். புகைபோக்கி அடுப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாம் படி: பருமன்

மணிக்கட்டு அளவுக்குப் பிளந்துகொள்ளுங்கள்.

எரிக்கவே கூடாதவை: பிளாஸ்டிக், டயர், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், அரளி. இவற்றின் புகை நஞ்சு. அடுப்புக்கரி புகையாது என்று நம்பி மூடிய அறையில் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உயிரையே பறித்துவிடும்.

கடைசிப் படி: சேமிப்பு

கோடையிலேயே வாங்கி, தரையில் படாமல் கல்மேல், காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். ஐப்பசி அடைமழைக்குள் காய்ந்துவிடும். மழை தொடங்கும் முன், அடுப்பு ஆறியிருக்கும்போது, கயிற்றில் சாக்குத்துணி கட்டிக் குழாயை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.