மீசை முளைத்த பையனும் முளைக்காத பையனும்: இளம் ஹாக்கி வீரர்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான ஒரு தேர்வு. கடைசி இடத்துக்கு இரண்டு ஃபார்வர்டுகள் போட்டியில் இருந்தார்கள். இருவரும் பிறந்தது ஒரு மாத இடைவெளியில்தான். ஒருவன் ஐந்தடி எட்டு அங்குலம், மீசை அரும்பிவிட்டது, அவன் அடித்தால் கோல் பலகை அதிரும். இன்னொருவன் ஐந்தடிகூட இல்லை. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். பெரியவனை எடுத்தோம்.

மூன்று வருடத்தில் மற்ற பையன்களும் வளர்ந்து அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். அதுவரை தோள் பலத்திலேயே எல்லோரையும் தாண்டிப் போனவனுக்கு டாட்ஜ் செய்ய, அதாவது எதிராளியை ஏமாற்றிப் பந்தோடு தாண்டிப் போகக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்கவில்லை. நாங்களும் கற்றுத்தரவில்லை. பதினெட்டு வயதில் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான். அது இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

பிறப்புச் சான்றிதழில் இருக்கும் வயதும் உடம்பின் வயதும் ஒன்று என்று நினைத்ததுதான் அன்று நாங்கள் செய்த தவறு. இளம் வீரர்கள் விஷயத்தில் நடக்கும் மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பையன்கள் மிக வேகமாக வளர்வது சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி, பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டி. ஆனால் ஒருவனுக்கு அது பன்னிரண்டரையில் வரும், இன்னொருவனுக்குப் பதினாறில் வரும். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேருடைய உடம்புகளுக்கு நடுவே மூன்று வருட இடைவெளிகூட இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, சுவரில் ஒட்டிய அளவு டேப், எடை மெஷின் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடை, உட்கார்ந்த நிலையில் உயரம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். உயரத்தை ஒரு கோடாக வரைந்து பாருங்கள். திடீரென்று அது செங்குத்தாக ஏறினால் அவன் வளர்ச்சியின் உச்சத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் ஒரே வருடத்தில் 9, 10 சென்டிமீட்டர் உயர்கிற பையன்கள் உண்டு.

வளரும் மாதங்களில் பயிற்சியைக் கூட்டுவது

அந்த மாதங்களில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை பின்னால் வந்து சேரும். தொடையின் பின்பக்கத் தசை (ஹாம்ஸ்ட்ரிங்) விறைத்துப்போகும். நேற்று வரை லாகவமாகப் பந்தை நிறுத்தியவன் இன்று தடுமாறுவான். கை கால்களின் நீளம் மாறிவிட்டதால் மூளை புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இது தெரியாத கோச், "அலட்சியம் வந்துடுச்சு" என்று இன்னும் பத்து ரவுண்டு ஓடவிடுகிறார். உடம்பு ஓய்வு கேட்கும் நேரத்தில் சுமை ஏறுகிறது.

முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகாலின் பின்பக்கம் வலிப்பதும் இந்த வயதில் சர்வ சாதாரணம். வளரும் எலும்பின் நுனியில் உள்ள குருத்துப் பகுதியைத் தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. ஓட்டத்தையும் குதித்தலையும் சில வாரம் குறைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். மண் மைதானத்தில் ஒரு ஷூ, டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) ஒரு ஷூ என்று வைத்துக்கொள்வதும் குதிகாலுக்கு நல்லது.

கீழ் முதுகு வலி அப்படியில்லை. ஹாக்கி குனிந்தே ஆடும் ஆட்டம். அதிலும் டிராக் ஃபிளிக், அதாவது பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலை நோக்கி வீசும் அடி, அடிக்கும்போது முன்காலை நீளமாக ஊன்றி, தாழ இறங்கி, முதுகை முறுக்கி, அந்த முறுக்கை விசையோடு அவிழ்க்க வேண்டும். பெரிய வீரர்களின் டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அந்த விசை எல்லாம் கீழ் முதுகு வழியாகத்தான் போகிறது. வளர்ந்து முடியாத முதுகெலும்பில் திரும்பத் திரும்ப அதே முறுக்கு விழுந்தால் மயிரிழை அளவுக்கு விரிசல் விடலாம். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வரும் அதே காயம்தான். இங்கிலாந்து கிரிக்கெட்டில் எந்த வயதுப் பையன் ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வரையறை வைத்திருக்கிறார்கள். நம் ஹாக்கி மைதானங்களில் பதினைந்து வயதுப் பையன் இருட்டும்வரை ஃபிளிக் அடித்துக்கொண்டிருக்க, அவனுடைய உழைப்பைப் பாராட்டிக்கொண்டு நாம் பக்கத்தில் நிற்கிறோம்.

எண்ணுங்கள். என்னிடம் வரும் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இருபது ஃபிளிக் என்று நானே ஒரு அளவு வைத்திருக்கிறேன். மீதி நேரம் கால் வைப்பு, பந்தைப் பிடிக்கும் கோணம், மெதுவான வேகத்தில் இலக்கு. ஒரு பையன் முதுகைப் பின்னால் வளைக்கும்போது கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால், வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். விளையாட்டை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜிம் பற்றிய இரண்டு பயங்கள்

வீட்டில் ஒரு பயம்: எடை தூக்கினால் உயரம் வளராது. இது உண்மையில்லை. சரியான முறையில், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்போது எடைப் பயிற்சி செய்வதால் வளர்ச்சி நிற்பதில்லை. காயங்களைக் குறைக்கவே செய்கிறது.

பையனுக்கு வேறு ஒரு பயம். சீனியர்களோடு முதல் முறை ஆடும்போது தோளில் மோதிக் கீழே விழுகிறான். உடனே தெரு ஜிம்முக்குப் போய் மார்பும் கையும் ஏற்றுகிறான், ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ கூடுகிறது. கண்ணாடியில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 91.4 மீட்டர் நீள மைதானத்தில் அந்த எட்டுக் கிலோவையும் சுமந்துகொண்டு ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓட வேண்டுமே! ஹாக்கிக்கு முதலில் வேண்டியது இடுப்பைச் சுற்றியும் அதற்குக் கீழேயும்: ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும் பலம், தொடையின் பின்பக்கம், தொடை இடுக்கு, வயிற்றைச் சுற்றியுள்ள தசைகள். குனிந்த நிலையில் நிலைகுலையாமல் திரும்ப வைப்பது இவைதான். எடை தானாகக் கூடும். வருடத்துக்கு இரண்டு, மூன்று கிலோ கூடினால் போதும்.

ரவுண்டு ஓட்டம்

அதிகாலையில் மைதானத்தைச் சுற்றி அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடவைப்பது நம் ஊர்ப் பழக்கம். அடித்தளத்துக்கு அது கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய ஹாக்கி பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு கால் பகுதிகள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஒரு ஃபார்வர்டு ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடுவான், வெளியே வந்து மூச்சு வாங்குவான், மறுபடி உள்ளே போவான். எனவே தேவைப்படுவது குறுகிய ஓட்டம், சட்டென்று நிற்பது, திரும்புவது, அரைகுறை மூச்சில் மறுபடி ஓடுவது. இந்திய அணியில் யோ-யோ டெஸ்ட் வைப்பதும் அதனால்தான். 20 மீட்டர் போய்த் திரும்பி, பத்து விநாடி இடைவெளிவிட்டு, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது அந்தச் சோதனை.

அதே சமயம் அந்த டெஸ்டையே தினசரிப் பயிற்சியாக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம். ஓடச் சொல்லித்தரும் அளவுக்கு நிற்கச் சொல்லித்தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். முட்டியும் தொடையும் பெரும்பாலும் கெடுவது வேகத்தைக் குறைக்கும் அந்த அடியில்தான்.

ஒரே விளையாட்டு, வருடம் முழுக்க

பத்து வயதில் ஸ்டிக்கைக் கொடுத்து மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். கேரளத்து ஸ்ரீஜேஷைப் பாருங்கள். திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு ஓட்டக்காரராகப் போனவர். நீளம் தாண்டுதல், வாலிபால் எல்லாம் ஆடிவிட்டுத்தான் கோல்கீப்பராக நின்றார். 36 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரப் பயிற்சி போகக்கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பதினான்கு வயதென்றால் பதினான்கு மணி நேரம். நம் பையன்கள் பள்ளி அணி, கிளப், மாவட்டம் என்று மூன்று இடங்களில் ஆடுகிறார்கள், மூன்று கோச்களும் தங்கள் பங்கை மட்டும்தான் எண்ணுகிறார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அது அம்மாவாகவோ அப்பாவாகவோ இருந்தால்கூடப் போதும், அந்த நோட்டிலேயே எழுதலாம்.

பெரிய அணியில் முதல் வருடம்

2022 ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் இந்தியாவுக்காக ஆடினார்கள். இருவரும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். கார்த்தி தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். அப்புறம் ஹாக்கி இந்தியா லீக் என்ற தொழில்முறைப் போட்டி மறுபடி தொடங்கியபோது, ஒவ்வொரு ஆண்கள் அணியும் 24 பேரில் நான்கு ஜூனியர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே போனபின் நடக்கும் தவறுகளைத்தான் இப்போது கவனிக்க வேண்டும்.

முதலாவது, பெஞ்சு. ஊரில் எல்லா ஆட்டமும் முழுக்க ஆடிய பையன் அங்கே வாரக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருப்பான். பயிற்சிக்குப் போனாலும் ஆட்டத்தின் சுமை உடம்புக்குக் கிடைக்காது. ஒரு நாள் யாரோ காயம்பட, இவனை இறக்குவார்கள். வாய்ப்பு கிடைத்த வெறியில் முழு வேகத்தில் ஓடுவான், பத்தாவது நிமிடம் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொள்ளும். ஆடாத நாட்களில் ஆட்டத்துக்கு ஈடான ஓட்டத்தைத் தனியாகச் செய்துவிட வேண்டும். அணியின் பிசியோவிடம் கேட்டால் எவ்வளவு என்று சொல்வார். கேட்கத்தான் நம் பையன்கள் கூச்சப்படுகிறார்கள்.

அடுத்தது, வலியை மறைப்பது. "சொன்னா டீம்ல இருந்து எடுத்துடுவாங்க சார்" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! மூன்று நாளில் ஆறவேண்டிய தசைப்பிடிப்பு மூன்று மாதமாக இழுப்பது இப்படித்தான். வலி போனதும் உடனே இறங்குவதும் அதே தவறுதான். முழு வேக ஓட்டம், திருப்பம், பயிற்சி ஆட்டம் என்று படிப்படியாகத் தாண்டினால்தான் குணமானதாகக் கணக்கு.

இன்னொன்று உடம்பைவிடக் கண்ணைச் சேர்ந்தது. சீனியர் ஆட்டத்தில் பையன்கள் திணறுவது பலம் இல்லாததால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், அங்கே மோதல் குறைவு, கோணத்தை அடைப்பதுதான் அதிகம். பந்தை வாங்கிய பிறகு யோசிக்க நேரமே இருக்காது. இத்தார்சியிலிருந்து வந்த விவேக் சாகர் பிரசாத் 2018 ஜனவரியில் தன் 17-வது வயதில் இந்திய சீனியர் அணியில் ஆடினார். அந்த வயதில் உடம்பு முழுமையாக வளர்ந்திருக்காது. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து போய் நின்று இடைமறிக்கும் புத்திதான் அவரை நிறுத்திவைத்தது. ஆறு கிலோ தசையைவிட, பந்து வருமுன் இரண்டு முறை தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம் முதல் வருடத்தில் அதிகம் காப்பாற்றும்.

சாப்பாடும் தூக்கமும்

டீயைக் குடித்துவிட்டுக் காலைப் பயிற்சிக்கு வருவதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு வாழைப்பழம், இரண்டு கடலை மிட்டாய் போதும். கோவில்பட்டிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சிபாரிசு கிடையாது. பயிற்சி செய்யும் உடம்புக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ பையனுக்குச் சுமார் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் சுண்டல், பருப்பு, பால், தயிர், மீன், கோழி என்று ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஜிம்மில் யாரோ தரும் பெயர் தெரியாத பவுடரைத் தொடவே கூடாது. அதில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால் "எனக்குத் தெரியாது" என்ற பதில் ஊக்கமருந்துச் சோதனையில் காப்பாற்றாது, உடம்புக்குள் போனதற்கு வீரர்தான் பொறுப்பு.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் சில மாதங்கள் நின்றுபோனால், கடுமையாகப் பயிற்சி செய்வதன் அடையாளம் என்று சிலர் பெருமையாகவே சொல்கிறார்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக அது இருக்கலாம். எலும்பு பலவீனமாகும். மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம். விடுதியில் பத்து மணிக்கு போனை வாங்கி வைப்பது கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் செய்யுங்கள்.

இருபது வயதில் கணக்கை முடிப்பது

ஜூனியர் வயது தாண்டியதும், இந்திய அணியின் முகாமுக்கு அழைப்பு வரவில்லையென்றால் வீட்டில் பேச்சு மாறிவிடும். குடும்பத்தின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தாமதமாக வளர்ந்தவனுக்கு இருபது என்பது ஆரம்பம். ஆண்களின் தசை பலம் இருபதுகளின் நடுவரை கூடிக்கொண்டே போகும். வங்கி, ரயில்வே, அரசுத் துறைகள் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கும் அணிகள் இருக்கின்றன. அங்கே இரண்டு, மூன்று வருடம் கிடைத்தால் பலருடைய ஆட்டம் பழுத்துவிடும்.

அன்று நாங்கள் எடுக்காத அந்தச் சின்னப் பையன் பதினேழாவது வயதில்தான் மளமளவென்று வளர்ந்தான். அவனுடைய அம்மா விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு துறை அணியில் மிட்ஃபீல்டில் ஆடுகிறான். போன கோடையில் ஒரு போட்டியில் பார்த்தேன், என்னைவிடக் கால் அடி உயரம். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அப்படியே இருந்தது.