டீசல் பம்பில் பின்னால் நிற்பவரையும் நினையுங்கள்

அமெரிக்க ட்ரக் ஸ்டாப்பில் முதலில் ஓட்டுநர் பக்கத்து முதன்மை பம்பில் கார்டைப் போட்டு, லாரி எண், ஓடோமீட்டர் அளவைக் கொடுங்கள். அந்த நாசிலை டேங்கில் மாட்டிய பிறகே, லாரியின் மறுபக்க டேங்குக்கான துணை பம்பை எடுங்கள். முன்னதாக எடுத்தால் பெரும்பாலும் ஓடாது. நீல மூடியுள்ள டேங்கில் டெஃப் (எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) மட்டும்தான். டீசல் டேங்கில் அது போய்விட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நிரம்பும் நேரத்திலேயே கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.

முடிந்ததும் இரு மூடிகளையும் இறுக்கி, முன்னாலுள்ள கோடுவரை லாரியை நகர்த்துங்கள். இதுதான் மிக முக்கியம்: பின்னால் இருப்பவர் உடனே பம்புக்கு வரலாம். ரசீது, காபி, கழிவறைக்கு மட்டுமே அந்த இடம். குளியல், சாப்பாடு, 30 நிமிடக் கட்டாய இடைவேளை எல்லாம் பார்க்கிங்கில்தான். ரீஃபர் (குளிரூட்டும் டிரெய்லர்) டேங்குக்கும் டீசல் வேண்டுமென்றால் பின்னவரிடம் முன்பே சொல்லுங்கள். டீசல் சிந்தினால் தண்ணீர் ஊற்றாமல் ஊழியரைக் கூப்பிடுங்கள். உறிஞ்சும் தூள் வைத்திருப்பார்கள்.