கை திறந்தவர், ஜேபியில் தேள் வைத்தவர்: துருக்கியில் சொல்வது எப்படி

காரைக்குடியில் என் வீட்டு மாடிக்குத் துருக்கி மொழி படிக்க வருகிறவர்களுக்கு, கொடுக்கிறவரையும் கொடுக்காதவரையும் பற்றிய சொற்களைச் சீக்கிரமே சொல்லிவிடுவேன். ஆளைப் பற்றிப் பேசாமல் எந்த ஊரில் பேச்சு நடக்கிறது?

'எலி அச்சுக்' என்றால் கை திறந்தவர், தாராளமானவர். 'எலி சுக்கு' என்றால் கை இறுக்கமானவர். 'எலி' என்பது 'அவருடைய கை'. அச்சுக், சுக்கு இரண்டிலும் உகரத்தை, 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் வருமே, அப்படி உதடு குவிக்காமல் சொல்லுங்கள். குற்றியலுகரம் பழகிய நமக்கு அது சுலபம்.

கையில் காசில்லாமலும் மனசு பெரிதாக இருப்பவர் 'கொன்லு ஸெங்கின்', உள்ளம் பணக்காரர். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கஞ்சத்தனத்துக்குப் படிகள் உண்டு. பொதுச்சொல் 'ஜிம்ரி'. காசு எடுக்கக் கை போகாதவரைப் பற்றி 'ஜெபிந்தெ அக்ரெப் வர்' என்பார்கள்: ஜேபியில் தேள் இருக்கிறது. நிறைய வைத்துக்கொண்டு தானும் தின்னாதவர் 'வர்யெமெஸ்'. கடைசிப் படி 'குனாஹுனு வெர்மெஸ்', தன் பாவத்தைக்கூடக் கொடுக்கமாட்டார். நாம் எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான் என்போமே, அந்த ஆள். இவற்றையெல்லாம் நெருங்கிய நண்பரைத் தவிர யார் முகத்துக்கு நேரேயும் சொல்லாதீர்கள்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று: சிக்கனக்காரரை 'ஜிம்ரி' என்று சொல்லிவிடக் கூடாது. அவருக்கு 'துதும்லு' என்று தனிச்சொல் இருக்கிறது, அது பாராட்டு. எங்கள் அப்பத்தாள் தேன்குழல் மாவில் ஒரு பிடி வீணாக விடமாட்டார். பழைய ஓலைக்கொட்டானை முடைந்து சரிசெய்து வைத்துக்கொள்வார். ஆனால் வாசலுக்கு யார் வந்தாலும் இலை போடாமல் அனுப்பியதில்லை. அவர் துதும்லு, எலி அச்சுக், இரண்டும்தான். பேத்தி கல்யாணத்துக்குச் செலவழித்தபோது, துருக்கியர் பார்த்திருந்தால் 'கெஸெனின் ஆஸுனு அச்து' என்றிருப்பார்கள். சுருக்குப்பையின் வாயைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்புறம், சாப்பாட்டுக் கடையில் உதவும் இரண்டு. அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது 'அல்மன் உசுலு', ஜெர்மன்காரர் முறை. எல்லாருக்கும் நீங்களே கொடுப்பதானால் 'ஹெசாப் பெந்தென்', கணக்கு என்னுடையது. பில் மேசைக்கு வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.