ஏசி/டிசி ரிவர் ப்ளேட் கான்செர்ட்ட வீட்ல உக்காந்து எப்படி பாக்கணும்

ராக் கான்செர்ட் வீடியோ போட்டா பத்து நிமிஷத்துல கை தானா போனுக்கு போயிடுதா, அப்ப இது உங்களுக்குத்தான். எனக்கும் முதல் தடவ அப்படித்தான் ஆச்சு, எல்லா பாட்டும் ஒரே மாதிரி இருக்கேன்னு பாதில நிறுத்திட்டேன். அப்புறம்தான் புரிஞ்சது, நான் பாக்க வேண்டிய ஆள விட்டுட்டு வேற ஆள பாத்துட்டு இருந்தேன்னு.

எந்த வீடியோன்னு முதல்ல சொல்லிடறேன். ஏசி/டிசிங்கற ஆஸ்திரேலியா ராக் பேண்ட் 2009 டிசம்பர்ல அர்ஜென்டினாவோட தலைநகர் ப்யூனஸ் ஐரிஸ்ல, ரிவர் ப்ளேட் ஸ்டேடியத்துல மூணு நைட் வாசிச்சாங்க, மூணும் சேத்து கிட்டத்தட்ட 2 லட்சம் பேரு. 32 கேமரா வச்சு எடுத்தவர் டேவிட் மேலட், 2011ல டிவிடி, ப்ளூரேல வந்துச்சு, மொத்தம் 19 பாட்டு. பாடகர் ப்ரையன் ஜான்சனுக்கு அப்ப 62 வயசு, ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு குதிக்கிற லீட் கிதார், அதாவது சோலோ வாசிக்கிற ஆங்கஸ் யங்குக்கு 54.

முதல்ல சவுண்ட சரி பண்ணுங்க, படம் அப்புறம். டிவியோட சொந்த ஸ்பீக்கர்ல இத பாக்காதீங்க ப்ளீஸ். முக்கால்வாசி டிவில ஸ்பீக்கர் கீழயோ பின்னாடியோ பாத்து இருக்கும், அடி சத்தம் குடுக்கற பேஸ் கிதாரும், கால்ல மிதிச்சு அடிக்கிற கிக் டிரம்மும் காத்துல போயிடும், க்ளிஃப் வில்லியம்ஸோட பேஸ் கேக்கலன்னா இந்த பேண்ட்ல பாதி இல்ல. ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வச்ச ஸ்பீக்கர் இருந்தா நல்லது, இல்லன்னா ஒயர் போட்ட ஒரு சுமாரான ஹெட்ஃபோனே போதும். அப்புறம் டிவிலயோ சவுண்ட்பார்லயோ கான்செர்ட் மோட், ஸ்டேடியம் மோட்னு ஏதாவது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, ஸ்டேடியத்து எதிரொலி ரெக்கார்டிங்லயே இருக்கு, அது மேல மெஷின் இன்னொரு எதிரொலி போட்டா கிணத்துக்குள்ள கச்சேரி நடக்கற மாதிரி ஆயிடும். நைட் மோடும் வேண்டாம், அது சின்ன சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே மட்டத்துக்கு கொண்டு வந்துடும். பின்னாடி வைக்கிற ஸ்பீக்கர் உங்ககிட்ட இல்லன்னா ஆடியோ மெனுல ஸ்டீரியோவ தேர்ந்தெடுங்க, சரவுண்ட ரெண்டு ஸ்பீக்கர்ல அமுக்கினா பல நேரம் கூட்டத்து இரைச்சல் வந்து கிதார் மேல உக்காந்துக்கும்.

ப்ளூடூத்ல கேக்கறவங்க இன்னொன்னு செக் பண்ணணும். டிரம்மர் ஃபில் ரட் ஸ்னேர்ல, அதாவது பளிச்சுன்னு சத்தம் வர்ற முன்பக்க டிரம்ல குச்சி அடிக்கறதும் சத்தம் வர்றதும் ஒன்னா இருக்கான்னு பாருங்க. கொஞ்சம் லேட்டா வந்தா செட்டிங்ஸ்ல ஆடியோ டிலேன்னு இருக்கும், அத மாத்தி சரி பண்ணுங்க, இல்லன்னா ரெண்டு மணி நேரமும் ஏதோ உறுத்திக்கிட்டே இருக்கும், என்னன்னு சொல்லவும் தெரியாது.

வால்யூம் எவ்ளோ வைக்கணும்? ஆரம்பத்துல வர்ற கார்ட்டூன் படத்த வச்சு வால்யூம் செட் பண்ணாதீங்க, அது முடிஞ்சு மேடைல ஒரு பெரிய ரயில் செட் ஒடச்சிட்டு வர்ற மாதிரி வந்து, முதல் பாட்டுல மொத்த பேண்டும் சேந்து அடிக்கிற இடத்துல செட் பண்ணுங்க. சத்தமா இருக்கணும்தான், ஆனா பக்கத்துல இருக்கறவர் பேசினா கேக்கற அளவுக்கு. நான் பெரியவர் மாதிரி அட்வைஸ் பண்றேன்னு நெனைக்காதீங்க, இதே ப்ரையன் ஜான்சனே 2016ல காது மொத்தமா போயிடும்னு டாக்டருங்க சொல்லி டூர பாதில விட்டாரு, மீதிய கன்ஸ் அன்ட் ரோசஸ் பேண்ட் பாடகர் ஆக்சல் ரோஸ் வந்து பாடி முடிச்சாரு.

படத்துக்கு ரெண்டே விஷயம். விவிட் மோட எடுத்துடுங்க, மேடைல செவப்பு லைட் அதிகம், விவிட்ல போட்டா முகமெல்லாம் தக்காளி ஆயிடும். அசைவ வழவழன்னு காட்டற மோஷன் ஸ்மூத்திங் மாதிரி இருக்கறதயும் எடுத்துடுங்க. ரூம் லைட்ட அணைங்க, அவ்ளோதான்.

இப்ப பாக்கறதுக்கு வருவோம். முதல் தடவ ஒன்னும் யோசிக்காம நேரா பாருங்க, எல்லாரும் பாக்கற மாதிரி ஆங்கஸயே பாருங்க, அவர பாக்காம இருக்கவும் முடியாது, ஒரு கால்ல தத்தி தத்தி ஓடுவாரு, தரைல உருளுவாரு. ஹெல்ஸ் பெல்ஸ் பாட்டு வர்றப்ப மேல இருந்து பெரிய மணி எறங்கும், ப்ரையன் ஓடி வந்து அதோட கயித்துல தொங்குவாரு, அந்த வயசுல. கேமரா மேல இருந்து காட்டறப்ப கூட்டத்த பாருங்க, ரசிகருங்க தலைல மாட்டிக்கிட்ட மின்னுற செவப்பு கொம்புங்க ஆயிரக்கணக்குல, தரையே மேல கீழ போற மாதிரி குதிப்பாங்க. இந்த ஊருக்கு பேண்ட் கடைசியா வந்தது 1996ல, 13 வருஷ பசி அது.

ரெண்டாவது தடவதான் நெஜமான படம். இந்த தடவ மால்கம் யங்க மட்டும் பாருங்க, ஆங்கஸோட அண்ணன், ரிதம் கிதார், அதாவது சோலோ இல்லாம பாட்டுக்கு அடித்தளமா வாசிக்கிறவரு. எங்க இருப்பாருன்னு தேடணும். டிரம்ஸுக்கு ஒரு பக்கம் இவரு, இன்னொரு பக்கம் க்ளிஃப், ரெண்டு பேரும் பின்னாடி ஆம்ப் பக்கத்துலயே நிப்பாங்க, கோரஸ் வந்தா மைக் வரைக்கும் நடந்து வந்து கத்திட்டு திரும்ப அதே எடத்துக்கு போயிடுவாங்க. அத ஒரு தடவ கவனிச்சிட்டீங்கன்னா அப்புறம் ஒவ்வொரு பாட்டுலயும் அதுக்காகவே காத்துட்டு இருப்பீங்க.

அவர் வாசிக்கிறத தனியா கேக்க ஒரு ஈஸியான வழி இருக்கு. தி ஜாக் பாட்டுக்கு போங்க. நடுவுல ஆங்கஸ் கிதார விட்டுட்டு ஒவ்வொரு துணியா கழட்டி கூட்டத்துக்கு வேடிக்க காட்டுவாரு, கண்ண மூடிக்கோங்க. லீட் கிதாரே இல்ல, ஆனா பாட்டு நிக்கல பாருங்க, அப்ப கேக்கற கிதார்தான் மால்கம். அந்த சத்தத்த மனசுல வாங்கிட்டு மத்த பாட்டுக்கு போங்க, இனிமே எல்லாத்துலயும் அடில அது தனியா தெரியும். கேக்க ரொம்ப அழுக்கா சத்தமா இருக்கற மாதிரி தோணும், ஆனா டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்த கரகரப்பாக்கறது, கம்மிதான், தடிமனான கம்பி, மேல இருந்த பெயிண்ட்லாம் உரிச்சு, கம்பி அதிர்வ பிடிக்கிற பிக்கப்பயும் கழட்டி ஒன்னு மட்டும் மிச்சம் வச்ச பழைய க்ரெட்ச் கம்பெனி கிதார், மீதியெல்லாம் வலது கை. ஃபில் ரட்டயும் இப்பவே சேத்து கேளுங்க, 1-2-3-4ன்னு எண்ணிக்கிட்டே வந்தா 2லயும் 4லயும் ஸ்னேர் விழும், ஷோ காட்டறதுக்குன்னு ஒரு அடி கூட அடிக்க மாட்டாரு.

ஒரு குறை சொல்லியே ஆகணும், எடிட்டிங் ரொம்ப வேகம். 32 கேமரா இருக்குன்னா 32யும் காட்டணும்னு யாரு சொன்னா? மால்கம் கைய பாக்கலாம்னு கண்ண வைக்கிறதுக்குள்ள வேற ஷாட் போயிடும். அதனால கண்ணால தொரத்தாதீங்க, காதால புடிச்சுக்கோங்க, அவர் வர்றப்ப பாத்துக்கலாம்.

லெட் தேர் பி ராக் பாட்டுல வர்ற நீள சோலோ, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகும், முதல் தடவ ஓட்டாம பாருங்க, அடுத்த தடவலேர்ந்து ஓட்டினா நான் கேக்க மாட்டேன். கடைசி பாட்டுல பீரங்கி வெடிக்கும், ஹெட்ஃபோன் போட்டிருந்தா அதுக்கு முன்னாடி வால்யூம ஒரு படி எறக்கிக்கோங்க.

இந்த டூர் 2010 ஜூன்ல ஸ்பெயின்ல பில்பாவோ ஊர்ல முடிஞ்சது, மால்கம் கடைசியா மேடை ஏறினது அங்கதான். இந்த டூர் சமயத்துலயே அவருக்கு மறதி வந்திருந்துச்சு, தானே உருவாக்கின ரிஃப்ப, அதாவது பாட்டுல திரும்ப திரும்ப வர்ற கிதார் துண்ட, திரும்ப உக்காந்து கத்துக்கிட்டுதான் வந்தாருன்னு ஆங்கஸ் பின்னாடி சொன்னாரு. 2014ல டிமென்ஷியான்னு வெளில சொன்னாங்க, 2017 நவம்பர்ல போயிட்டாரு. இத முதல் தடவைக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான் கடைசில சொல்றேன், மூணாவது தடவ பாக்கறப்ப இது தெரிஞ்சிருந்தா போதும்.

இது புடிச்சா இங்கிலாந்துல டோனிங்டன்ல எடுத்த 1991 கான்செர்ட் போடுங்க, அதயும் எடுத்தது மேலட்தான், டிரம்ஸ் மட்டும் க்ரிஸ் ஸ்லேட், அதே பாட்டு வேற ஆள் அடிச்சா எப்படி மாறுதுன்னு கேக்கலாம். அதுக்கப்புறம் 1979 டிசம்பர் பாரிஸ் கான்செர்ட், பழைய பாடகர் பான் ஸ்காட் பாடினது, அடுத்த பிப்ரவரில அவர் உயிரோட இல்ல. அத பாக்கறப்பவும் ஒரு கண்ண பின்னாடி ஆம்ப் பக்கம் வைங்க. ப்யூனஸ் ஐரிஸுக்கு சரியா 30 வருஷம் முன்னாடி, மால்கம் அங்கதான் நின்னுட்டு இருப்பாரு.